எலியேசருக்கு வந்த சுகவீனம்

எலியேசரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதற்குக் காரணம், அவன் சலூனில் எல்லோரையும் சிரிக்க வைத்தது. எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்ஸி. முடிச்சூர் ரோட்டுச் சலூன் சுவரில், பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கச் சொல்லி ஒரு சர்க்கார் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முகத்தில் சோப்பு நுரையோடு அதை உரக்கப் படித்தவன், “இதைச் சொல்றவங்கதான் தினமும் ரேடியோவுல விடாம பேசுறாங்க” என்றான். சலூனே சிரித்தது, அவனும் சிரித்தான். பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மஃப்டியில் இருந்த போலீஸ். இரண்டாவது கன்னத்தில் கத்தி படுவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அக்கா மெட்டில்டா அழுதுகொண்டு உட்காரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். கிழக்குத் தாம்பரத்தில் பாதிப் பேரின் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தவள். அழுகையால் எந்தப் புண்ணும் ஆறியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் கவலை ஒன்றுதான். எலியேசருக்குச் சின்ன வயதிலிருந்தே காக்காய் வலிப்பு. காலையும் மாலையும் மாத்திரை விழுங்கினால் எல்லோரையும் போல நடமாடுவான். விட்டால் விழுவான். சிமெண்ட் தரையில் விழுந்தால் எழுந்திருப்பான் என்று சொல்ல முடியாது.

மாத்திரைப் புட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனாள்.

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல சிஸ்டர்” என்றார் வாசல் கான்ஸ்டபிள்.

“ஜீப்புல ஏத்தினதைக் கடைத்தெருவே பாத்துச்சே.”

“ஜீப்பு ஆயிரம் பேரை ஏத்தும், எறக்கும். வூட்டுக்குப் போய்ப் பாருங்க. தூங்கிகினு இருப்பாரு.”

வக்கீலைத் தேடி ரயிலேறிச் சைதாப்பேட்டைக்குப் போனாள். ஸ்ரீரங்கன் என்கிற வக்கீல் பெரிய பேர் வாங்கியவர். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, பாடம் நடத்துகிறவர் போல விளக்கினார்.

“மிசாவில் ஆர்டர் போட்டுப் பிடிச்சிருந்தா கோர்ட்டுக்குப் போக முடியாதும்மா. சுப்ரீம் கோர்ட்டே கைவிரிச்சாச்சு.”

“ஆர்டர் எதுவும் போடலை சார். ஆள் அங்க இல்லேன்னே சொல்றாங்க.”

“அப்போ இன்னும் கஷ்டம். இல்லாத ஆளை எப்படி விடச் சொல்றது?”

அதாவது காகிதம் இருந்தால் கோர்ட்டு இல்லை, காகிதம் இல்லாவிட்டால் ஆளே இல்லை. இதைச் சொல்வதற்கு ஒருவர் எத்தனை வருஷம் படித்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே மெட்டில்டா படியிறங்கினாள்.

மிச்சம் இருந்தவர் தேவானந்தம். அவரும் வக்கீல், சபைக் கமிட்டியில் செயலாளர் வேறு. அவருடைய அம்மா சாராள் பக்கவாதம் வந்து கிடப்பவள். தினமும் அவளைப் புரட்டிப் போட்டுத் துடைத்துப் பவுடர் போடுவது மெட்டில்டாதான். மறுநாள் கிழவியை ஒருக்களித்துப் பிடித்தபடியே கேட்டாள். தேவானந்தம் அறைக்குள் வரவில்லை. வாசற்படியில் நின்று, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பதில் சொன்னார்.

“காலம் சரியில்ல சிஸ்டர். சபைப் பள்ளிக்கூடத்துக்கு சர்க்கார் கிராண்ட் வர்ற நேரம். நான் இதுல பேர் கொடுத்தா சபைக்கே பேஜார். ஜெபம் பண்ணுவோம்.”

“ஜெபம் நான் பண்ணிக்கிறேன் சார். நீங்க ஒரு மனு போடுங்க.”

“எல்லாத்துக்கும் ஒரு வேளை உண்டு.”

ஆறு மாதமாகத் தன் அம்மாவின் முதுகைப் பார்க்காத மனுஷர் வேளையைப் பற்றிப் பேசினார். மெட்டில்டா கிழவியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வக்கீலைப் பெற்றது தவிர சாராள் ஒரு பாவமும் செய்யவில்லை. துடைத்து முடித்து, கைகழுவிவிட்டு, நேரே போதகரிடம் போனாள்.

“ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துல எலியேசரைச் சொல்லுங்க ஐயா. போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கான், மாத்திரை இல்லாம இருக்கான்னு சொல்லுங்க.”

போதகர் தலையசைத்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் ஏறியதும் முன் வரிசையை ஒரு தடவை பார்த்தார். “சுகவீனமாயிருக்கும் நம் சகோதரன் எலியேசருக்காக” என்று வாசித்துவிட்டு, அடுத்த பெயருக்குப் பாய்ந்தார். முன் வரிசையில் தேவானந்தம் எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஞாயிறு ஜெபத்தில் சுகவீனம் என்று பெயர் வந்தால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கம் அந்த வீட்டுக்குப் போகும். ஒரு ஹார்லிக்ஸ், ஒரு ரொட்டி, ஆரஞ்சுப் பழம். பாட்டுப் பாடி, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபம் பண்ணிய பிறகுதான் ஹார்லிக்ஸ் கைமாறும். பாட்டில்லாமல் கொடுத்தால் அது பிச்சை என்பது சங்கத்தின் கொள்கை. சலூன் விஷயம் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் காதுக்கு வரவில்லையோ, வந்தும் வராதது போல இருந்தார்களோ, செவ்வாய்க்கிழமை பட்டுப்புடவையும் பாட்டுப் புத்தகமுமாக வந்து இறங்கினார்கள். தலைவி ஜெயசீலி, தேவானந்தத்தின் மனைவி.

“எங்க சிஸ்டர் எலியேசர்? உள்ள படுத்திருக்கானா?”

“இங்க இல்லக்கா. கடைத்தெரு பக்கம் வெச்சிருக்காங்க. வாங்க, நடந்துடலாம்.”

ஏதோ நர்ஸிங் ஹோம் என்று நினைத்துப் பின்னால் வந்தார்கள். சிவப்புக் கட்டடத்தின் வாசலில் மெட்டில்டா நின்றபோது ஜெயசீலியின் முகம் புளியைக் கடித்தது போல ஆயிற்று.

“இன்னா சிஸ்டர், ஊர்வலமா?” என்றார் அதே கான்ஸ்டபிள்.

“நோயாளியைப் பாக்க வந்திருக்காங்க.”

சத்தம் கேட்டுச் சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். ஜெயசீலியின் பட்டுப்புடவையையும் தங்கக் கண்ணாடியையும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அப்படி யாரும் இங்கே இல்லைங்க மேடம். சத்தியமாச் சொல்றேன்.”

“பாத்தியா? இல்லேங்கிறாரே” என்று ஜெயசீலி திரும்பினாள். “நாங்க போறோம்.”

“போங்கக்கா. வந்ததுக்குப் பாட்டைப் பாடிட்டுப் போங்க. ஹார்லிக்ஸைத் திருப்பி எடுத்துட்டா போவீங்க?”

ஹார்லிக்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன சரித்திரம் சங்கத்துக்கு இல்லை. வாசலில் வேப்பமரத்தடியில் நின்று, வழக்கமாகப் பாடும் பாட்டை அரைகுறைக் குரலில் ஆரம்பித்தார்கள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். இரண்டாம் அடியில் கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஒரு கனத்த குரல் சேர்ந்துகொண்டது. சபைப் பாட்டுக் குழுவான கொயரில் எத்தனையோ வருஷமாக பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவன் எலியேசர். மூன்றாம் அடியில் எப்போதும் அரைத்தாளம் முந்திவிடுவான், அதற்காக ஜெயசீலியிடம் எப்போதும் திட்டு வாங்குவான். இப்போதும் முந்தினான்.

ஜெயசீலி பாட்டை நிறுத்தினாள். சப்-இன்ஸ்பெக்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சத்தியம் பண்ணினீங்களே?”

“மேடம், அது வந்து...”

“என் மூஞ்சிக்கு நேரா.”

ஒருவனைக் கேள்விமுறை இல்லாமல் அடைத்து வைத்தது அவளைச் சுட்டிருக்காது. தன்னிடம், அதுவும் சங்கத்துப் பெண்கள் பார்க்க, ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பொய் சொன்னதுதான் சுட்டது. எது சுட்டால் என்ன? மெட்டில்டா மாத்திரைப் புட்டியை நீட்டினாள். கான்ஸ்டபிள் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று தேவானந்தம் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் அவரே அம்மாவின் அறைக்குள், கைக்குட்டை இல்லாமல் வந்தார்.

“சட்டத்துல ஒரு வழி இருக்கு சிஸ்டர். சட்டவிரோதமா அடைச்சு வெச்ச ஆளைத் தேடிக் கொண்டுவரச் சொல்லி மாஜிஸ்திரேட் வாரண்ட் கொடுக்கலாம். குரலைக் கேட்டதா எங்க வீட்டுல கையெழுத்துப் போடுறேங்கிறா.”

அந்த வழி அவருக்குப் போன வாரமும் தெரியும். மெட்டில்டா அதைச் சொல்லிக் காட்டவில்லை. “சார், அம்மாவோட இந்தத் தோளைப் பிடிங்க. புரட்டணும்” என்றாள். பிடித்தார்.

வாரண்ட் வருவதற்குள் சேதி ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. பொது இடத்தில் கலாட்டா செய்ததாக ஒரு வழக்கை அவசரமாக எழுதி, எலியேசரை அவர்களே கோர்ட்டில் நிறுத்தினார்கள். அன்றுதான் பிடித்தார்களாம். ஒரு கன்னத்தில் தாடி முள்ளாகவும் மறு கன்னத்தில் புதராகவும் நின்றவனை மாஜிஸ்திரேட் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜாமீன் கொடுத்தார். ஸ்டேஷனில் கிடந்த நாட்களில் வலிப்பு வந்து நாக்கைக் கடித்திருந்தான். ஒரு முன்பல் இல்லை. அது விழுந்ததால் போனதா, விழ வைத்ததால் போனதா என்று அவன் சொல்லவில்லை. மெட்டில்டா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீர் காய்ச்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோவிலுக்குப் போனார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உயிரோடு வந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லிப் போதகரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். போதகர் பீடத்தில் ஏறினார். தொண்டையைச் செருமினார்.

“நம் சகோதரன் எலியேசருக்குப் பூரண சுகம் கிடைத்ததற்காக...”

முன் வரிசையில் தேவானந்தம் உரக்க ஆமென் சொன்னார். அந்த ஆமென் அடங்குவதற்குள் கொயர் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. சலூனில் சிரித்த அதே சிரிப்பு, இப்போது பல் இல்லாத சந்தில் காற்றும் சேர்ந்துகொண்டது. சபை திரும்பிப் பார்த்தது. மெட்டில்டா கைப்பையைத் திறந்து மாத்திரைப் புட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது. அவனைச் சிரிக்க விட்டாள்.