முங்காதிய, அண்ணாச்சி

என் மேசை இழுப்பறையில் ஒரு கம்பிக்கூடு இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். டீ வடிகட்டி என்று நினைத்து மருமகள் ஒருநாள் அதைத் தேய்க்கப் போட்டுவிட்டாள். அவளைத் திட்டித் தீர்த்தேன், பாவம். அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு முன் அதன்மேல் மெல்லிய துணியைப் போர்த்தி, மூக்கையும் வாயையும் மூடி, துளித்துளியாகக் குளோரோஃபார்ம் விடுவோம். ஆள் உறங்கிப் போவார். ஒருவர் எழுந்திருக்கவில்லை.

யுத்தகாலம். தூத்துக்குடியில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு டாக்டர்களில் ஒருவர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், மயக்கமருந்து கொடுக்கும் பொறுப்பு எங்கள் பெரிய சிஸ்டரின் தலையில் விழுந்தது. நாற்பதைத் தாண்டியவர், இருபது வருஷம் நர்ஸாக இருந்தவர். அவருக்கு ஏரல் பக்கம், நெல் விளையும் ஊர். அவருக்குக் கீழே நர்ஸாக இருந்த நானோ பனங்காட்டுக்காரி. ஆஸ்பத்திரி ஜன்னலைத் திறந்தால் கடல்தான். ஆனாலும் எங்கள் இருவருக்கும் கடலைப்பற்றி ஒன்றும் தெரியாது.

குடலிறக்கத்துக்கு அறுத்துக்கொள்ள வந்தார் ஒரு குளியாள். சங்கு எடுக்கக் கடலில் முங்குகிறவர். மேசையில் படுத்ததும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கடலுக்கு அடியில பயந்ததே இல்ல தாயி. இங்கன படுத்தா நெஞ்சு அடிக்கி" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிந்தேன்.

"கடல்ல முங்குத மாதிரி நெனச்சுக்கிடுங்க, அண்ணாச்சி. செத்த நேரத்துல மேல வந்துருவிய."

அவர் சிரித்தார். எனக்கு என் சாமர்த்தியத்தில் பெருமை வேறு.

மனிதர் சொன்னதை அப்படியே செய்தார். கூடு முகத்தில் பட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மருந்து ஏறவில்லை என்று நினைத்து சிஸ்டர் துளிகளைக் கூட்டினார். ஒரு குளியாளுக்கு மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும் என்று எங்களுக்கென்ன தெரியும்? அவர் கை என் கையை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்தது. பயப்படுகிறார் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அப்புறம் ஒரே மூச்சு. தண்ணீருக்கு மேலே வந்தவர் இழுக்கிற பெருமூச்சு. துணியில் ஊறிக் கிடந்த அத்தனையும் உள்ளே போயிற்று. நாடி நின்றுவிட்டது. டாக்டர் இன்னும் கத்தியை எடுத்திருக்கவில்லை.

சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சமாதானம் சொன்னார். சிஸ்டர் கேட்கவில்லை. மதராஸுக்குப் போய் மயக்கமருந்து படிக்கப் போவதாகச் சொன்னபோது, இந்த வயசில் பள்ளிக்கூடமா என்று ஆஸ்பத்திரியே சிரித்தது. "அவரு ஏன் செத்தாருன்னு தெரியாம இனி நான் இந்தக் கூட்டைத் தொடமாட்டேன்" என்றார். மகள் வயதுப் பெண்களோடு ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்.

அந்த வருஷத்தில்தான் ஒருநாள் கரையில் கயிறு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் அது எதற்கென்று கேட்டேன். முங்குகிறவன் கையில் ஒரு முனை, படகில் இருப்பவன் கையில் மறுமுனை என்றார். மூச்சு முட்டினால் கீழிருந்து வெடுக்கென்று இழுப்பானாம். மேலே இருப்பவன் உடனே தூக்கிவிட வேண்டுமாம். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

சிஸ்டர் திரும்பி வந்தார். மூச்சைப் பிடித்திருந்துவிட்டு ஒரேயடியாக இழுத்தால் குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்திவிடும் என்று எங்களுக்கு விளக்கினார். அந்தக் குளியாள் ஏன் மூச்சைப் பிடித்தார் என்று சிஸ்டர் கேட்பார், கேட்பார் என்று காத்து நின்றேன். அவர் கேட்கவே இல்லை. அதன்பிறகு கடல்தொழில்காரர் யார் மேசைக்கு வந்தாலும், "முங்காதிய, அண்ணாச்சி. மூச்சை விட்டு விட்டு வாங்குங்க" என்பார். ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு கூசிப்போகும். அவர் கையில் அப்புறம் யாரும் சாகவில்லை.

தான் ஓய்வுபெற்ற அன்று சிஸ்டர் இந்தக் கூட்டை என் கையில் வைத்தார்.

"ஏளா, அன்னைக்கு நீ அவரு காதுல சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நல்ல யோசனைன்னுதான் நானும் நெனச்சேன்."

இத்தனை வருஷமும் அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அழுதேன். அவர் கை என் கையை இழுத்ததையும் அப்போதே சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. சிஸ்டரும் போய்ச்சேர்ந்துவிட்டார். இப்போது இழுப்பறையைத் திறந்து கூட்டைத் தொடும்போதெல்லாம் வலது கையில் அந்த இரண்டு இழுப்பும் விழுகின்றன. தூக்கிவிடச் சொல்லித்தான் இழுத்தார். நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.