என் வீட்டுக்காரரின் சங்கீத வைத்தியம்

என் வீட்டுக்காரர் சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கர்ணமாக, ஊர் நிலக்கணக்கெல்லாம் கையில் வைத்திருப்பவராக இருந்தார். அவர் அப்பாவும் கர்ணம், தாத்தாவும் கர்ணம். எண்பதுகளின் தொடக்கத்தில் சர்க்கார் ஒரே உத்தரவில் பரம்பரைக் கர்ணம் வேலையை ஒழித்துவிட்டது. அதன்பின் அவருக்குப் படபடப்பு வந்தது. தூக்கம் போயிற்று. சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

அது என்ன நோய் என்று எனக்குத் தெரியும். டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருந்தவர்கள் இப்போது எழுந்திருப்பதில்லை. வேறொன்றும் இல்லை. இதைச் சொன்னால் தட்டு பறக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டு அவரோடு தாம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "உடம்புல ஒண்ணுமில்லை. மனசுதான் அலையுது. சாயந்திரத்துல கொஞ்ச நேரம் வீணை, புல்லாங்குழல்னு நல்ல சங்கீதமா கேளுங்க. அமைதியாயிடும்" என்றார்.

கோயிலில் நாதஸ்வரம் உச்சத்தில் போகும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பட்டா விஷயம் பேசுகிற மனிதர் இவர். ஆனாலும் டாக்டர் சொல்லிவிட்டாரே! துபாயிலிருந்து என் தம்பி எனக்கென்று கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் மறுநாளே அவருடையதாயிற்று. சாய்வு நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வீணை கேஸட்டைப் போட்டார்.

அதோடு வீட்டில் மற்ற எல்லாச் சத்தத்துக்கும் தடை. ஆட்டுக்கல் சுற்றக்கூடாது. பாத்திரம் விழக்கூடாது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் பெண் வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் ஏறும் என்பாள். அவள் புத்தகத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கன்றுக்குட்டி கத்துகிறது என்று அதைக் கொல்லைக் கோடியில் கட்டச் சொன்னார். தாயைக் காணாமல் அது இரண்டு பங்கு கத்தியது. "இந்த வூட்ல ஒரு மனுஷன் நிம்மதியா இருக்க முடியுதா?" என்று அவர் போட்ட கூச்சலில் வீணையே கேட்கவில்லை. அமைதி அவருக்கு, அதற்கான பாடு எங்களுக்கு.

ஒரு நாள் எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். சாயந்திரம் உறவுப் பெண்கள் வந்து சேர்ந்து, வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். இவர் நாற்காலியில் இப்படியும் அப்படியும் புரண்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். துக்கம் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்து நானும் பின்னால் போனேன்.

வாசலில் நின்றுகொண்டு, "ஒரு அரை மணி நேரம் கொஞ்சம் மெதுவா அழுங்கம்மா. டாக்டர் எனக்கு அமைதி வேணும்னு சொல்லியிருக்கார்" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. செத்தவரின் மகள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்து வந்தாள்.

"இன்னா கர்ணம், எங்க நைனா செத்துக் கெடக்கறாரு. அழறதுக்குக்கூட உங்ககிட்ட மனு போடணுமா?"

பந்தலில் இருந்த ஆண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். இவர் விடுவிடென்று வீட்டுக்குத் திரும்பினார். "வாடி" என்றார் என்னைப் பார்த்து. நான் போகவில்லை. அந்தப் பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் தோளில் கை போட்டு என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

என் அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இவருக்குக் காபி போட ஆளில்லை என்று காரியம் முடிவதற்குள் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அப்போது அழாததெல்லாம் அன்றைக்கு வந்தது. ஒருத்தி இழுத்துப் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாட, எனக்குத் தெரியாத வரிகளை நானும் சொல்லி அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாரம் பாதி இறங்கியிருந்தது. அதற்கு ஒரு டாக்டரும் சீட்டு எழுதித் தரவில்லை.

"அவங்களோட போய் உக்காந்து என் மானத்தை வாங்கிட்டே" என்றார் வீட்டில்.

"நீங்களே போய்க் குடுத்துட்டு வந்தீங்க. நான் எங்க வாங்கறது?" என்றேன்.

அதற்குப்பின் தெருவில் தலைகாட்ட வெட்கப்பட்டு, பேட்டரி போட்ட டேப்பைத் தூக்கிக்கொண்டு சாயந்திரமானால் எங்கள் கழனி பம்ப்செட் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தார். வீணை ஒரு வாரம்தான் தாங்கியது. களை எடுத்துவிட்டுப் போகிறவர்கள் சினிமாப் பாட்டு போடச் சொன்னார்கள். இவர் முதலில் முறைத்தார், பிறகு ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் அந்தக் கேஸட்டுகளையே வாங்கிவந்தார். வரப்பு நிறைய ஆட்கள் உட்கார்ந்தார்கள். "கர்ணம் ஐயா, அந்தப் பாட்டை இன்னொரு வாட்டி போடுங்க" என்று கெஞ்சினார்கள். போடுவதா வேண்டாமா என்பது மறுபடியும் அவர் கையில். படபடப்பு போன இடம் தெரியவில்லை.

மறுபடி தாம்பரத்துக்குப் போனோம். டாக்டருக்கு ஒரே பூரிப்பு. "சங்கீதத்தோட சக்தியைப் பாத்தீங்களா?" என்றார். இவரும் பெரிய ரசிகர் மாதிரி தலையாட்டினார். டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்களும் களைச்சுப்போய்த்தான் தெரியறீங்க. இவரோட சேர்ந்து தினமும் கேளுங்கம்மா" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இவர் ஆரம்பித்தார். "கேட்டியா? நாளையிலேர்ந்து நீயும் கொட்டாய்க்கு வா."

"வரேன். சாயந்திரம் மாட்டை யாரு கறக்கறது? நீங்களா?"

படப்பை வரும்வரை அவர் வெளியே வயலையே பார்த்துக்கொண்டு வந்தார்.