மாடு இல்லாத வீட்டுச் சீம்பால்

எங்கள் வீட்டில் பாலை வேண்டுமென்றே திரியவைத்துச் சாப்பிட்ட முதல் ஆள் என் சித்திதான். அம்மாவின் தங்கை. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு, ஓட்டத் தேர்வுக்குப் பழகுவதற்காகத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. விடியற்காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட வந்து நேரே அடுப்படிக்குள் நுழைவாள். ஓடுகிற உடம்புக்குச் சத்து வேண்டும், முட்டை சாப்பிடு என்று மைதானத்தில் சொல்லியிருந்தார்கள். முட்டை வாடையே சித்திக்கு ஆகாது. அதனால் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து இதைப் பிடித்தாள். கொதிக்கிற பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் பால் திப்பி திப்பியாகத் திரியும். அதைத் துணியில் கொட்டி, பச்சைத் தண்ணீரில் அலசி, பிழிந்து, கிண்ணத்தில் உதிர்த்து, மேலே வாழைப்பழம், மாதுளை, தேன். பல் விளக்கிவிட்டு வருவதற்குள் பலகாரம் தயார். வீடியோவில் வந்த பெண் அதற்குக் காட்டேஜ் சீஸ் பவுல் என்று பேர் சொன்னாள். அம்மா வைத்த பேர் தரித்திரம்.

நல்ல பாலைக் கெடுக்கிற வீடு உருப்படாது, லட்சுமி படியேறி வந்து மோந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவாள் என்று அம்மா தினமும் புலம்புவாள். அப்பா ஒரு நாள் ஆசையாகக் கேட்டு வாங்கி, ஒரு கரண்டி வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். "இதுக்குத் தொட்டுக்க ஊறுகா எதுனா கீதா?" என்றார். அதோடு சரி. எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் தேன் பிடித்திருந்தது. அதனால் துணி பிழிவது, பழம் நறுக்குவது எல்லாம் கொஞ்ச நாளில் என் கைக்கு வந்துவிட்டது.

இதற்கு நடுவில்தான் தாத்தா ஓமந்தூர் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஓடினதெல்லாம் போதும், விழுப்புரத்தில் நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இங்கேயே பெண் பார்க்க வருகிறார்கள், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வருகிற முகூர்த்தத்தில் முடித்துவிட வேண்டியதுதான் என்றார். ஓட்டத் தேர்வோ அடுத்த மாதம். சித்தி அழுதாள், கெஞ்சினாள், ஒரே ஒரு மாதம் பொறுக்கக் கூடாதா என்றாள். தாத்தா மசியவில்லை. காலங்காத்தாலே பேண்ட் மாட்டிக்கொண்டு ஓடுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்பது அவர் கவலை. கடைசியில், இந்த இடம் மட்டும் தட்டிப்போகட்டும், அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன், நீ ஓடு, பறந்துகூடப் போ என்று கோபத்தில் ஒரு வார்த்தை விட்டார். சித்தி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தரகர் வந்து, சித்தி போலீஸ் தேர்வு எழுதியிருப்பதை அங்கே சொல்லிவிட்டதாகச் சொன்னார், மாப்பிள்ளை வீட்டுப் பெருமைகளையும் சொன்னார். பையனுக்குப் பால் சொசைட்டியில் வேலை, ஊற்ற வருகிற பாலைச் சோதித்து வாங்குவது. தங்கமான பையன். அவன் அம்மா மட்டும் கொஞ்சம் சகுனம் பார்ப்பார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்றால், முன்பு ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது தெருமுனையில் பூனை குறுக்கே போனதற்காக ஆட்டோவை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டாராம். இதைக் கேட்டதும் அம்மா தெருப் பூனைகளை எண்ண ஆரம்பித்தாள். சித்தியோ அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா காபிக்கென்று குண்டான் நிறையப் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு வாசலைப் பெருக்கப் போனாள். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகச் சித்தி அடுப்படிக்குள் வந்தாள். எலுமிச்சம்பழங்களை அறுத்து, மொத்தப் பாலிலும் பிழிந்தாள். கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, "யார்கிட்டயும் மூச்சு உடாத" என்றாள். பிறகு நல்ல பிள்ளையாக உள்ளறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பெண் பார்க்கிற வீட்டில் பால் திரிந்தது என்றால் அந்த அம்மா காபி கேட்காமலே எழுந்து போய்விடுவார் என்பது அவள் போட்ட கணக்கு. எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? வருகிறவர்களுக்குச் சித்தி தன் கையால் பலகாரம் செய்கிறாள், புடவை நனையுமே என்று பாதியில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். மூச்சு விடாதே என்றுதான் சொன்னாள், கை வைக்காதே என்று சொல்லவில்லையே. அப்பாவின் புதுத் துண்டை எடுத்து வடிகட்டினேன். அலசினேன், பிழிந்தேன். தாம்பூலத்துக்கு வைத்திருந்த பூவன் சீப்பில் பாதியைக் காலி செய்தேன். மாதுளையை உரித்துத் தூவினேன். பாட்டிலில் இருந்த தேன் அத்தனையையும் கவிழ்த்தேன். ஒரு சொட்டுகூட நக்கவில்லை, அவ்வளவு பொறுப்பு.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா காபி போட உள்ளே வந்தாள். குண்டானில் பால் இல்லை. பக்கத்துப் பாத்திரத்தில் திரிந்த பால் குவியலாக, மேலே பழமெல்லாம் பதித்து இருந்தது. அடிப்பாவி என்று அம்மா தொடங்குவதற்குள், மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். பாத்திரத்தைக் குனிந்து பார்த்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"சீம்பாலா? மாடு கன்னு போட்டுக்குதா?"

கன்று போட்ட மாட்டின் முதல் பாலும் அடுப்பில் இப்படித்தான் திரண்டு வரும். பெண் பார்க்கப் போன வீட்டில் சீம்பால் என்றால் அதைவிட நல்ல சகுனம் ஏது? எங்களிடம் மாடு இல்லை. நாங்கள் இருந்ததோ வாடகைக்கு, மாடியில். அம்மா என்னைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க. ஊர்ல. கெடாரி கன்னு."

கிண்ணம் கிண்ணமாகச் சீம்பால் முன்னறைக்குப் போனது. இது எத்தனையாவது ஈத்து, எத்தனையாவது கன்று என்று அந்த அம்மா தாத்தாவைக் கேட்டார். மாட்டை விற்றுப் பல வருஷமான தாத்தா திருதிருவென்று விழித்துவிட்டு, மூன்றாவது என்றார். எல்லாரும் எழுந்து ஓடியிருப்பார்கள் என்ற நம்பிக்கையோடு வெளியே வந்த சித்தி, ஆளுக்கொரு கிண்ணத்தோடு அவர்கள் சப்புக்கொட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அடியே வாங்கியிருக்கலாம். இவ்வளவு நல்ல சகுனத்தை விடக் கூடாது, இப்போதே பூ வைத்துவிட்டுப் போகிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்ல, சித்தியின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. வெட்கம் என்றார்கள்.

நான் மாப்பிள்ளைக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்வாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாயில் எதையோ கடித்தார். விரலால் எடுத்துப் பார்த்தார். எலுமிச்சை விதை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அழுதுகொண்டிருந்த சித்தியைப் பார்த்தார், கதவோரம் சேறு காயாமல் கிடந்த அவள் ஷூவையும் பார்த்தார். விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது கிண்ணமும் முடிந்த பிறகு அவர் தன் அம்மாவிடம், "பூ இப்ப வேணாம்மா. நாள் பாத்துக்கினு வந்து வெக்கலாம்" என்றார். நாள் என்றதும் அந்த அம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. எல்லாரும் படி இறங்கும்போது அவர் மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கி, சித்தியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஓட்டம் எப்பங்க?"

"அடுத்த மாசம்ங்க."

அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. சாயங்காலம் தரகர் போன் செய்தார். பையனுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையாம். அவன் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம், சீம்பால் வீட்டை விடாதேடா என்று கெஞ்சினாராம், ஒரே பிடியாக வேண்டாம் என்றுவிட்டானாம். தாத்தா தான் விட்ட வார்த்தையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அடுத்த மாதம் சித்தி விழுப்புரத்தில் ஓடித் தேறினாள், இன்றைக்கு அவள் காக்கியில் வந்து நின்றால் தாத்தாவே எழுந்து நிற்கிறார். ஆனால் அன்று அம்மா அழுதாள். எனக்கோ அந்த மனிதர் மேல் அடங்காத ஆத்திரம். இரண்டு கிண்ணம் தின்றுவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

பிழைத்தேன் என்று சித்தி குதிப்பாள் என்று பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஷூவில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "அக்கா, அவர் பேரு இன்னா?" என்று கேட்டாள்.

தரகர் வந்த நாளிலிருந்து அந்தப் பேரை வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டேதான் இருந்தோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவருடைய பேர் இப்போது எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.