பன்னிரண்டாவது சுழி

ஒருவர் நினைப்பதிலும் உணர்வதிலும் நடந்துகொள்வதிலும், காலம் மாறினாலும் இடம் மாறினாலும் பெரிதாக மாறாமல் எது நிற்கிறதோ அதுதான் ஆளுமை என்கிறார்கள் உளவியல்காரர்கள். அதைக் கண்டுபிடிக்க அந்த ஆளையே கேட்கலாம், பழகியவர்களைக் கேட்கலாம், கூடவே இருந்து கவனிக்கலாம், சோதனையும் வைக்கலாம் என்கிறார்கள். மாட்டுத் தரகர் நஞ்சப்பன் விஷயத்தில் இதெல்லாம் முதல் அடியிலேயே இடறுகிறது.

நஞ்சப்பனைக் கேட்டால், "நான் சொன்ன சொல்லு மாறாதவனுங்க. எவனுக்கும் பயந்தவன் இல்ல" என்பார். கம்பைநல்லூர்ச் சந்தையைக் கேட்டால், அவர் தொண்டை ஏரிக்கரை தாண்டிக் கேட்கும் என்பார்கள். அவர் மனைவி ராமக்காளைக் கேட்டால், "அவுருங்களா? கொழம்புல உப்பு இல்லீன்னாக்கூட வாயத் தொறக்க மாட்டாரு. உப்புச்சட்டிய ஒரு பார்வ பாப்பாரு, அவ்ளோதான்" என்பாள். ஆள் ஒன்று, சாட்சி மூன்று. ஆனால் மூன்று பேரும் வேறு வேறு ஆளைப் பற்றியல்லவா பேசுகிறார்கள்!

நஞ்சப்பனுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. குணம் என்பது தோலிலேயே எழுதியிருக்கிறது என்பது அவர் கட்சி. மாட்டின் மேல் மயிர் எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்தால் போதும். ராஜ சுழி என்றால் வீடு விளங்கும். பாடை சுழி என்றால் வாங்கியவன் போய்ச் சேருவான். துடைப்பச் சுழி குடித்தனத்தையே கூட்டி வாசலில் தள்ளிவிடும். ஆக மொத்தம் பதினோரு சுழி. 1936ஆம் வருஷம் அமெரிக்காவில் இரண்டு பேர் அகராதியைப் புரட்டி, மனிதர் தன்மையைச் சொல்லும் சொற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். கிட்டத்தட்ட பதினெட்டாயிரம் தேறியது. பாவம், ஒரு நடை கம்பைநல்லூருக்கு வந்திருந்தால் பதினொன்றோடு வேலை முடிந்திருக்கும்.

1938 வைகாசியில், பக்கத்து ஊர்க் கண்ணம்மாளின் உழவு ஜோடியில் ஒரு மாடு செத்துப்போனது. கண்ணம்மாள் கணவனை இழந்தவள். தம்பி மாதுதான் ஏர் ஓட்டுகிறவன். ஒற்றை மாட்டில் ஏர் பூட்ட முடியாது. மழை தவறினால் அந்த வருஷத்துக் கேழ்வரகும் தவறிவிடும். ஜோடி தேடிச் சந்தைக்கு வந்தாள்.

அங்கே ஒரு செவலைக் காளை, ஐந்து சந்தையாக விலை போகாமல் நின்றிருந்தது. அதன் வாலடியில் துடைப்பச் சுழி. யாராவது கிட்டே போனால் நஞ்சப்பன் ஓடிவந்து, "இங்க பாருங்க" என்று கையிலிருந்த புங்கங்குச்சியால் சுழியில் ஒரு குத்து விடுவார். மாடு பின்னங்காலால் எட்டி உதைக்கும். "பாத்தீங்களா குணத்த?" என்பார். சாஸ்திரம் சொன்னதும் உடனே நிரூபணமும் கிடைத்துவிடும். எந்தப் பல்கலைக்கழகத்தில் இவ்வளவு சுருக்காக நடக்கிறது?

கண்ணம்மாள் சுழியைப் பார்க்கவில்லை. நஞ்சப்பன் வேறு பக்கம் வியாபாரத்தில் இருக்க, காலையிலிருந்து உச்சி வரை செவலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் காட்டும்போது, நாய் குறுக்கே ஓடும்போது, கன்று வந்து முட்டும்போது என்ன செய்கிறது என்று பார்த்தாள். பிறகு கயிற்றைப் பிடித்தாள்.

"வேணாந் தாயி! குடும்பத்தையே கூட்டித் தள்ளிரும்!" என்று வந்து சேர்ந்தார் நஞ்சப்பன்.

"கூட்டித் தள்ளுறதுக்கு எங்க வூட்ல என்னாங்கண்ணா இருக்குது? இவ்ளோ நேரம் பாத்தேன், ஒரு ஈயக்கூட ஒதைக்கல."

சந்தை சிரித்தது. நஞ்சப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இது என் கண்ணு முன்னால ஒரு வயக்காடு உழுதிருச்சுன்னா, இந்தத் துண்ட இறக்கி வெச்சுட்டுத் தரகையே வுட்டர்றேன். உழவலீன்னா மாட்டத் திருப்பிக் கொண்டாந்து கட்டிரு!"

துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். துண்டு போனால் தரகர் இல்லை.

உழவு நாளில் பாதிச் சந்தை வரப்பில் நின்றது. நஞ்சப்பன் வருவதற்குள் மாது பத்துச் சால் ஓட்டியிருந்தான். குச்சியோடு அவர் வரப்பேறியதும் செவலையின் காது திரும்பியது. நின்றது, சீறியது, சாலிலேயே படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா குணத்த!" என்றார் நஞ்சப்பன்.

கண்ணம்மாள் மாட்டைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள். "அண்ணா, கொஞ்சம் அந்தப் புளியமரத்துக்கு அந்தாண்ட போங்க."

போனார். மாடு எழுந்தது. வந்தார். படுத்தது. இன்னும் இரண்டு தடவை இப்படியே போகச் சொல்லி வரச் சொன்னாள். ஆராய்ச்சி என்றால் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததல்ல.

"இது மாட்டுக் கொணம் இல்லீங்கண்ணா. அஞ்சு சந்தையா அதே எடத்துல குத்துனா நான்கூடத்தான் ஒதைப்பேன்."

வரப்பில் நின்ற சந்தை ஆட்களில் ஒருவனான கருப்பண்ணன், "அதெல்லாம் கெடையாது. கண்ணு முன்னாலன்னுதான் பேச்சு. தரகரு ஜெயிச்சுட்டாரு, மாட்ட அவுத்து வுடு" என்றான்.

நியாயப்படி ஜெயிப்புதான். நஞ்சப்பன் உழாமல் கிடந்த நிலத்தைப் பார்த்தார். குச்சியைக் கீழே போட்டார். கருப்பண்ணன் தோளிலிருந்த கம்பளியை உருவித் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு, வரப்பில் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்தார். செவலை எழுந்து ஏர் இழுத்தது. கம்பளியில் ஒரு பொத்தல் இருந்தது. அதன் வழியாக, தம் கண் முன்னாலேயே, கடைசிச் சால் வரை பார்த்தார்.

முடிந்ததும் எழுந்து துண்டை மடித்து வரப்பில் வைத்தார்.

கண்ணம்மாள் அதை உதறித் திருப்பிக் கொடுத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்கண்ணா. குச்சிய மட்டும் வெச்சுட்டுப் போங்க." அந்தப் புங்கங்குச்சியில் அந்த வருஷம் அவரைக்கொடி ஏறியது. காய்ப்புக்குக் குறைவில்லை.

நஞ்சப்பன் சுழி சாஸ்திரத்தைக் கைவிட்டாரா? கற்றவர்கள் அப்படிச் செய்வார்களா? அடுத்த சந்தையில் அதே தொண்டையில் அறிவித்தார்: "அது துடைப்பச் சுழி இல்லீங்க, நான் சரியாப் பாக்கல. ஆளப் பாத்து நடக்குற சுழி. பன்னெண்டாவது."

"அது எந்த மாட்டுக்குங்க இருக்கும்?" என்றான் கருப்பண்ணன்.

நஞ்சப்பன் சந்தையில் நின்ற மாடுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "எல்லா மாட்டுக்குமே இருக்கும் போலத்தான் தெரியுது."

இது ராமக்காள் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று சோறு போடும்போது, "மாட்டுக்கு மட்டும்தானுங்களா?" என்று கேட்டாள்.

நஞ்சப்பன் வாயைத் திறக்கவில்லை. உப்புச்சட்டியை ஒரு பார்வை பார்த்தார்.