அகலமான மணை

தலை தீபாவளி ஒருவருக்கு ஒரு தடவைதான் என்பது என் அம்மாவின் சட்டம். போன ஆனியில் அக்காவுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு அது முதல் கல்யாணம். ஆகவே வருகிற தீபாவளி அவருக்கு மட்டும் தலை தீபாவளி, அக்காவுக்குச் சாதா தீபாவளி என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவருக்குப் பட்டு வேட்டி, மோதிரம், மணையில் உட்காரவைத்து நலங்கு, தலைக்கு எண்ணெய். அக்காவுக்கு ஒரு புடவை உண்டு.

முதல் கல்யாணத்தின் தலை தீபாவளிக்கும் மோதிரம் போட்டோம். கொஞ்ச காலத்தில் அக்கா திரும்பி வந்தாள். மோதிரம் வரவில்லை.

அக்கா இப்போது குன்றத்தூரில் குடியிருக்கிறாள். அம்மாவின் தீர்ப்பைப் போனில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் காஸ் சிலிண்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள், நடுவில் கேட்டாள்: "எனக்கும் மணை போடுவாளாடி?"

கம்பெனியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்று எனக்கு வார விடுமுறை.

நான் ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். கீறல் விழுந்ததைப் பொறுக்கிச் சிவப்புத் தொட்டியில் போடுவது என் வேலை. வேலை செய்யாத சாமான் இல்லை, கீறல் மட்டும் விழுந்த சாமான். இதையே நாள் முழுக்கச் செய்தால் புதுசு என்ற வார்த்தையின் மேலேயே கடுப்பு வரும். எங்கள் வீட்டுப் பரணில் கம்பெனி வருடாவருடம் தீபாவளிக்குக் கொடுத்த ஹாட்பாக்ஸ்கள் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன. சோறு ஆறுவதற்குள் தீர்ந்துவிடுகிற வீட்டில் அவற்றுக்கு என்ன வேலை? அதனால் ஒரு முடிவு எடுத்தேன். பண்டிகைக்கு யாருக்கு எதைக் கொடுத்தாலும், ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்ததைத்தான் கொடுப்பது. அம்மா இதற்கு வைத்த பெயர் கஞ்சத்தனம்.

ஒரகடம் சாலையில் பழைய சாமான் கடை ஒன்று இருக்கிறது. இங்கே கம்பெனிகளில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு ஊருக்குப் போகிற ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும் விட்டுப்போன சாமான்கள் அங்கே வரும். அக்கா வீட்டில் சாப்பாட்டு மேசை போட இடமில்லை. தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். கடையில் ஒரு மேசை இருந்தது. நல்ல கனமான மரம், முழங்கால் உயரம்கூட இல்லை. ஜப்பானில் தரையில் உட்கார்ந்து இதில்தான் சாப்பிடுவார்களாம். குப்புறப் போட்டுப் பார்த்தேன், ஸ்க்ரூக்களைத் திருகிப் பார்த்தேன், மொபைல் டார்ச் அடித்துக் கீறல் தேடினேன். இது மேசையா மாப்பிள்ளையா, இவ்வளவு விசாரிக்கிறீர்களே என்று கடைக்காரர் கேட்டார். மாப்பிள்ளையை நாங்கள் இந்த அளவுக்கு விசாரித்ததில்லை.

பென்னலூரில் எங்கள் வீட்டு வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து அதை இறக்கியதும் அம்மா சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, இம்மாம் பெரிய மணை?"

எங்கள் வீட்டில் மேசை என்றால் இடுப்பு உயரம் இருக்கும். இவ்வளவு தாழ்வாக, கட்டைக் கால் வைத்து இருப்பது மணைதான். நான் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, இது பழசு என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ரெண்டாங்கல்யாணம் கட்னவளுக்கு செகண்ட் ஹேண்ட் சாமானா? நீயே குத்திக் காட்ற மாரி கீது."

சுருக்கென்றது. தலை தீபாவளியையே பிடுங்கிக்கொண்டவள் இதைச் சொல்கிறாளே என்று ஆத்திரமும் வந்தது. ஆனால் அம்மா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் கொள்கை என் கொள்கை; அதை அக்கா தலையில் ஏன் கட்ட வேண்டும்? மறுநாள் ஷிப்ட் முடிந்து ஒரு பெரிய கடைக்குப் போய்ப் புது மிக்சி பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். வெறுங்கையோடு திரும்பினேன்.

வீட்டில் அம்மா துணிகளை எடுத்துவைத்து ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். புதுசு எது வந்தாலும் மஞ்சள் வைப்பாள், ஃபிரிட்ஜுக்கே வைத்திருக்கிறாள். அதுக்கும் கொஞ்சம் வையேன் என்று மேசையைக் காட்டினேன். பழசுக்கு எதற்கு மஞ்சள் என்று கிண்ணத்தை மூடிவிட்டாள்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் அக்காவும் மாமாவும் வந்தார்கள். மாமா விருதுநகர்ப் பக்கம். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். பேச்சு குறைவு. சுவரோரம் சாய்த்திருந்ததைக் காட்டி அது என்ன என்று அக்கா கேட்டாள். உன் தங்கச்சி உனக்கு வாங்கி வந்த பழைய மணை என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். அக்கா அதை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

விடிந்தது. செக்யூரிட்டி வேலையில் இருக்கும் அப்பா இரட்டைச் சம்பளம் என்று டியூட்டிக்குப் போயிருந்தார். அம்மா கூடத்தில் கோலம் போட்டு, வீட்டில் இருந்த ஒரே மணையைப் போட்டு, மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓரமாக நின்றாள், பந்தி பரிமாற வந்தவள் மாதிரி. மாமா மணை அருகில் வந்தார். உட்காரவில்லை.

"அவ எங்கன உக்காருவா அத்தை?"

"அவளுக்குத்தான் ஏற்கெனவே ஆயிடுச்சே மாப்ள" என்றாள் அம்மா.

அக்கா கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். சுவரோரம் இருந்ததை இழுத்து வந்தாள். அம்மா போட்டிருந்த மணையைக் காலால் தள்ளிவிட்டு, கோலத்தின் மேல் அதைப் போட்டாள். ஒரு ஓரமாக உட்கார்ந்து பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள். மாமா உடனே உட்கார்ந்தார். அது எத்தனை கிலோ தாங்கும் என்று நான் கடையில் கேட்டிருக்கவில்லை. தாங்கியது.

"எனக்கும் வைம்மா" என்றாள் அக்கா. "எனக்கு இதான் தலை தீபாவளி. அது கணக்குல வராது."

அம்மா தள்ளிக் கிடந்த மணையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள். பிறகு என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி முதலில் அக்கா உச்சியில் எண்ணெய் வைத்தாள், அப்புறம் மாப்பிள்ளைக்கு. அக்கா அழுதாள். எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது என்றாள்.

அது சாப்பாட்டு மேசை என்று இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா நலங்கு மஞ்சளைக் குழைத்துக்கொண்டு குனிந்தாள். மேசையின் நாலு மூலையிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். விரலில் மிச்சம் இருந்ததை அக்கா கன்னத்தில் தடவினாள்.