வலது கைக்கு வேகம் வந்த கதை

ரிதம் கிட்டார் வாசிப்பவனை யாருக்கும் தெரியாது. அவன் தடுமாறினால் மட்டும் மண்டபமே திரும்பிப் பார்க்கும். உங்களில் யாராவது கல்யாண இசைக்குழுவில் இந்த வேலை பார்த்திருந்தால், இதைப் படிக்கும்போதே முன்கை வலிக்க ஆரம்பித்திருக்கும். எனக்கு எழுதும்போதே வலிக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் மாணிக்கம் அண்ணனின் குழுவில் ரிதம் கிட்டார். குழு என்றால் நாலே பேர். அண்ணன் ஆர்கன் வாசிப்பார், லோரி ஓட்டும் பீட்டர் டிரம்ஸ், பாட ஒருவர், அப்புறம் நான்.

முதல் கல்யாணம்

மெதுவான பாட்டுகள் வரைக்கும் என் கை ஒழுங்காகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எழுந்து வந்து வேகமான பாட்டு கேட்டதும்தான் வினை வந்தது. பல்லவியைச் சமாளித்துவிட்டேன். முதல் சரணத்தில் முழங்கை கனத்தது. இரண்டாவது சரணத்தில் தோளிலிருந்து விரல் வரைக்கும் ஒரே மரக்கட்டை. பீட்டர் ஒரு பக்கம் போக, நான் அரை அடி பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். கம்பியை அடிக்கிற பிளாஸ்டிக் துண்டு, அதுதான் பிக், விரலை விட்டுத் தெறித்து, முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரின் வேட்டி மடிப்பில் விழுந்தது. மிச்சப் பாட்டைக் கட்டைவிரல் நகத்தால் முடித்தேன்.

பாட்டு முடிந்ததும் அந்தப் பெரியவரே மேடைக்கு வந்து பிக்கைத் திருப்பிக் கொடுத்தார். பெண்ணுக்குத் தாய்மாமனாம். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அக்கறையாகத்தான் கேட்டார்: "தம்பி, இது கல்யாண வீடு. ஏன் யாரோ செத்துப்போன மாதிரி மூஞ்ச வச்சிக்கிட்டு வாசிக்கிறீங்க?"

லயத்துச் சுவர்

பயிற்சி இல்லாததுதான் குறை என்று நினைத்தேன். தினமும் வேலை முடிந்து குளித்துவிட்டுக் கிட்டாரோடு உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாமென்று இடது கையைக் கம்பிகள் மேல் சும்மா படுக்கப் போட்டுவிட்டு, வலது கையால் மட்டும் அடித்தேன். அப்படி அடித்தால் சுரம் வராது. சரக் சரக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும்; பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைச் சுவர்.

அந்தப் பக்கம் இருந்த சரோஜா அக்கா மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சாயங்காலம் இரண்டு தேங்காய் மூடிகளோடு வாசலில் வந்து நின்றார். "நீங்கதான் தெனமும் தேங்கா துருவுறீங்களே, அப்படியே இதையும் துருவிக் குடுங்க தம்பி" என்றார்.

டிரசர் சொன்னது

நாலாவது மாதம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பிக்கைப் பிடித்தால் வலி. குலை வெட்ட, நுனியில் அரிவாள் கட்டிய கத்திக் கம்பைத் தூக்கினால் அதைவிட வலி. வெட்டாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது, வாசிக்காவிட்டால் எனக்கு உயிர் இருக்காது. இரண்டையும் இந்த ஒரே கைதான் செய்ய வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க மரத்தடியில் நின்று, எதை விடுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இரண்டு முறை அதட்டினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை நாங்கள் டிரசர் என்போம். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படி வந்தது என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். கிட்டார் என்று சொல்லித் தொலைத்தேன். எழுதிக்கொண்டிருந்த லீவுச் சீட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "கொல வெட்டி வந்த வலின்னா ரெண்டு நாள் லீவு குடுப்பேன். பாட்டுக்கு வந்த வலிக்கு லீவு குடுத்தா, தோட்டத்துத் தொர என்னையும் உங்கூடப் பாடப் போகச் சொல்லிடுவாரு லா."

தண்ணீர்க் குழாய்

வலி குறைய ஒரு மாதம் ஆனது. ஒருநாள் வேலை முடிந்து குழாயடியில் கை கழுவிவிட்டு ஈரத்தை உதறினேன். உதறும்போது மணிக்கட்டு துணி மாதிரி ஆடியது. முழங்கை அசையவில்லை, விரல் எதையும் இறுக்கவில்லை. அங்கேயே நின்று மறுபடியும் உதறிப் பார்த்தேன்.

அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் பிக்கையும் கத்திக் கம்பைப் பிடிக்கிற மாதிரியே பிடித்திருக்கிறேன். கம்பியைக் குலை வெட்டுகிற மாதிரி தோளிலிருந்தே வெட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து பிக்கைக் கீழே விழாத அளவுக்கு மட்டும் பிடித்தேன். சுவர்க் கடிகாரத்தின் டிக்குக்கு ஒரு கீழடி, ஒரு மேலடி. கம்பியைத் தொட வேண்டாத இடத்திலும் கை காற்றில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நிற்கவே கூடாது. வேகத்தைப் பற்றி ஒரு மாதம் நினைக்கவே இல்லை. பிறகு டிக்குக்கு இரண்டு, அப்புறம் நாலு. குழாயடியில் கை உதறிய நாளிலிருந்து எண்ணினால் எட்டு மாதம்.

சுங்கை சோவில் ஒரு விருந்தில் அதே வேகப் பாட்டைக் கேட்டார்கள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஓர் அடிகூடப் பிசகவில்லை. கை வலிக்கவில்லை. என் கண்தான் கலங்கியது. இறங்கியதும் பீட்டரிடம் ஓடிப்போய் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "இன்னைக்கு நீ வாசிச்சியா? நான் கவனிக்கவே இல்லடா" என்றான்.

புதுப் பெட்டி

அடுத்த வருஷம் மாணிக்கம் அண்ணன் பழைய ஆர்கனைக் கொடுத்துவிட்டுப் புதுக் கீபோர்டு ஒன்று வாங்கி வந்தார். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிட்டார் தானாக அடிக்கும். பக்கத்தில் வேகத்துக்கு ஒரு திருகு. அண்ணன் அதைச் சும்மா திருப்பிக் காட்டினார். நான் எட்டு மாதத்தில் ஏறிய உயரத்தை அது ஒரே விரலில் தாண்டிப் போனது. நானும் அதோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன், தோற்கக்கூடாது என்று. கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன். அப்புறம் அண்ணன் இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

நான் கிட்டாரை உறையில் போட்டுவிட்டு, இனி என்னைக் கூப்பிட வேண்டாம் என்றேன். அண்ணனுக்கு நிஜமாகவே சங்கடம். குழுவை விட்டுப் போகக்கூடாது என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "மேடையில நாலு பேரு நின்னாத்தான் சனங்க நம்புவாங்க. நீ பாட்டுக்கு நின்னு அடிச்சிக்கிட்டிரு, மிச்சத்த அது பாத்துக்கும்."

கோல சிலாங்கூர் வரவேற்பு

அதற்கு அப்புறமும் குழுவோடு மேடை ஏறிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது கல்யாணத்தில்தான், கோல சிலாங்கூரில் ஒரு வரவேற்பில், இடைவேளைக்கு இறங்கும்போது தற்செயலாகப் பார்த்தேன். என் கிட்டாரிலிருந்து போன வயரின் மறுமுனை எதிலும் சொருகப்படாமல் ஸ்பீக்கருக்குப் பின்னால் தரையில் கிடந்தது. யார் பிடுங்கியது, எந்தக் கல்யாணத்திலிருந்து இப்படிக் கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை. மாணிக்கம் அண்ணன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானே அதைக் கையில் எடுத்து, சொருகலாமா என்று பார்த்தேன். சொருகினால், ஒருவேளை பிசகினால்? மறுபடியும் இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு மேடை ஏறினேன்.

அன்று நான் வாசித்த மாதிரி அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. மணிக்கட்டு காற்று மாதிரி போனது. எனக்கு மட்டும், கம்பிக்குப் பக்கத்தில், மெல்லிசாகக் கேட்டது. விருந்து முடிந்ததும் பெண்ணின் அப்பா மேடைக்கு வந்தார். மற்றவர்களை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து, என் வலது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். "எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கேன் தம்பி. இப்படி ஒரு கைய நான் பாத்ததே இல்ல" என்றார்.

கைக்கு வேகம் வர எட்டு மாதம் ஆனது. சத்தமே வராமல் வாசித்துவிட்டு அதற்குக் கிடைக்கும் பாராட்டுக்குச் சிரித்த முகத்தோடு தலையாட்டப் பழகத்தான் மூன்று வருஷம் பிடித்தது.