பரஸ்தானப் பெட்டி

ஜப்பானுக்குப் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் "கட்டாயப்படுத்தினார்கள், வேறு வழியில்லை" என்றுதான் சொல்கிறார்கள். நானும் பல இடங்களில் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை.

சண்டையில் ஜப்பான்காரர்கள் எங்கள் ஊரைப் பிடித்த இரண்டாம் வருஷம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். அப்பா சரக்கு ஆபீசில் கிளார்க். கிள்ளானில் பாசாருக்குச் சாமான் வாங்கப் போன என் சித்தப்பா மகனை அப்படியே லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் திரும்பவில்லை. ஜப்பான் மொழி படிக்கிறவர்களைத் தொடமாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள் என்பதால் அப்பா என்னை மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். உயிருக்குப் பயந்து சேர்ந்தவன்தான். ஆனால் மூன்றே மாதத்தில் அந்த மொழிப் பைத்தியம் எனக்குப் பிடித்துவிட்டது.

எங்கள் ஆசிரியர் ஜப்பான்காரர், கண்டிப்பானவர். வகுப்பில் நான்தான் முதல். அப்படியும் ஒருநாள் அவர், "நீ புத்தகம் மாதிரிப் பேசுகிறாய். ஒரு வீட்டில் போய் இருந்து, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்களோடு நாலு சண்டை போட்டால்தான் மொழி வரும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒரு வருஷம் ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கச் சிலரைத் தேர்ந்தெடுத்தபோது என் பெயரும் இருந்தது. சிவப்பு முத்திரை வைத்த உத்தரவுக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். சிங்கப்பூர் வரை ரயில், அங்கிருந்து கப்பல். கடிதத்தைக் காட்டாதவன் ரயில் ஏற முடியாது. ஏறாதவன் பெயர் சயாம் பட்டியலில் போய்விடும் என்று பள்ளிக்கூடக் கிளார்க் என் காதோடு சொன்னார்.

நான் பயணத்துக்குத் தயாரான கூத்தை என்னவென்று சொல்வது! மூங்கிலைச் சீவி இரண்டு குச்சி செய்துகொண்டு மரவள்ளிக்கிழங்கைக் குச்சியால் சாப்பிடப் பழகினேன். பாதி தரையில் விழும். ஊரே கிழங்குக்கு அலைந்த நாளில் இது. "கடவுள் குடுத்த கை அஞ்சு வெரலோட இருக்கு, கோழி மாதிரி கொத்துறான் பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். முழங்காலை மடக்கி அரைமணி நேரம் உட்காருவேன். எழுந்தால் கால் மரத்துப்போய் விழுவேன். வேண்டிய வாக்கியங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நன்றி சொல்ல, மன்னிப்புக் கேட்க, இன்னும் கொஞ்சம் சோறு கேட்க. அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல்கள் கடலில் மூழ்கும் கதை அவர் ஆபீசுக்கும் வந்திருந்தது.

குளிருக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய கவலை. கோலாலம்பூரில் கம்பளித் துணிக்கு எங்கே போவது? எங்கள் தெருவுக்கு வடகிழக்கே துணிக்கடை வைத்திருந்த பாய்தான் கைகொடுத்தார். கீழே கடை, மாடியில் அவர் வீடு. கடையில் பெயருக்கு நாலு கைலி தொங்கும். ஜப்பான்காரர்கள் எல்லாத் துணியையும் கணக்குக் காட்டச் சொன்னபோது அவர் ஒரு கறுப்புக் கம்பளிப் பீஸைக் கூரைக்குள் ஒளித்து வைத்திருந்தார். அது வெளியே தெரிந்தால் தலை போகும். அதை எனக்காக எடுத்தார். "தம்பி நம்ம தெருவுலேருந்து மொத மொதலா அவ்வளவு தூரம் போறீங்க, குளுர்ல நடுங்கக் கூடாதுல்ல" என்று தம் கையாலேயே வெட்டிக் கோட்டாகத் தைத்தார். புதுத் துணி என்று தெரியாமலிருக்க அப்பாவின் பழைய ரயில்வே கோட்டிலிருந்து பித்தளைப் பொத்தான்களைப் பிரித்து அம்மா அதில் வைத்துத் தைத்தாள்.

அடுத்த தலைவலி கிழமை. புறப்பட வேண்டிய நாள் செவ்வாய். செவ்வாயன்று வடக்கே சூலம். ராணுவத்திடம் போய், இன்று சூலம், வேறு நாள் வருகிறேன் என்று சொல்ல முடியுமா?

"ரயிலு தெக்கேதான் போகுது. சிங்கப்பூரு தெக்க இருக்கு" என்றார் அப்பா.

"எங்க போய் எறங்குறானோ அந்தத் தெசைதான் கணக்கு" என்றாள் அம்மா.

அதற்கு அவளிடம் வழி இருந்தது. நாள் சரியில்லாதபோது, முன்கூட்டியே ஒரு நல்ல நாளில் பயணச் சாமானில் ஒன்றைப் போகிற திசையிலுள்ள வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். சாமான் புறப்பட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரி. ஒரு விதி மட்டும் உண்டு: வைத்ததை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தால் பயணம் கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா என் தகரப் பெட்டியைப் பாய் வீட்டு மாடியில் வைத்துவிட்டு வந்தாள். ஜப்பான்காரர்கள் உத்தரவில் கடிகாரமெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு ஓடியது. அவள் அதில் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துப் பழைய நேரத்தில்தான் நல்ல வேளை பார்த்தாள். பெட்டியில் கோட்டு, வேட்டி, நோட்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று உத்தரவுக் கடிதத்தையும் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தாள். அதை என்னிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பாயைப் போலீசில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். துணி ஒளித்து வைத்திருப்பதாக யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மாடியைச் சோதனை போட்டு என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் அம்மா கடிதம் இருந்த இடத்தைச் சொன்னாள். மத்தியானம் மூன்று மணிக்கு ரயில்.

"கோட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா என்னடா சொல்லுவே?" என்றார் அப்பா.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடுதாசிய வாங்கிக்கிட்டு, அந்த மனுஷனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. உனக்குத்தான் அவங்க பாஷை வருதே. பெட்டிய மட்டும் வீட்டுக்குக் கொண்டாந்துராத. அப்படியே ரயிலு ஸ்டேஷனுக்குப் போயிரு."

போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்த அந்த வழி முழுவதும் மனதுக்குள் வாக்கியம் கட்டினேன். இவர் நல்லவர். எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர். வயதானவர், தயவு செய்து விட்டுவிடுங்கள். மூன்றையும் உயர்ந்த மரியாதையில் கட்டினேன்; ஆசிரியர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

உள்ளே மேஜையின் பின்னால் ஓர் அதிகாரி. மேஜைமேல் என் கோட்டும் கடிதமும் கிடந்தன, கீழே பெட்டி திறந்து கிடந்தது. சுவரோரம் தரையில் பாய் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தொப்பி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் குனிந்து வணங்கி, என் பெயரைச் சொல்லி, கடிதம் என்னுடையது, இன்று புறப்படுகிறேன் என்றேன். அதிகாரி கோட்டைத் தூக்கிக் காட்டி, "இது யாருடைய துணி?" என்று கேட்டார். "அப்பாவுடைய பழைய கோட்டு, ரயில்வேயில் கொடுத்தது" என்று பொத்தானைக் காட்டினேன். அவர் பொத்தானைத் தடவிப் பார்த்துவிட்டுக் கோட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். பிறகு முகவாயால் பாயைச் சுட்டி, "இந்த ஆள் உனக்கு யார்?" என்றார்.

கட்டி வைத்திருந்த மூன்று வாக்கியமும் தொண்டை வரை வந்தன. வேண்டியவர் என்று சொன்னால் நானும் அந்தச் சுவரோரம் உட்கார வேண்டியிருக்கும். ரயில் போய்விடும். கப்பல், அந்த வீடு, அந்த மொழி எல்லாம் போய்விடும்.

"எனக்குத் தெரியாத ஆள். எங்கள் வழக்கப்படி பயணப் பெட்டியைப் போகிற திசையிலுள்ள வீட்டில் வைப்போம். அதற்காக மட்டும் வைத்தோம்" என்றேன். ஒரு பிழையில்லாமல் சொன்னேன்.

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். "உன் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது" என்று கடிதத்தை நீட்டினார். இதை எழுத இன்றும் கூசுகிறது: அந்தப் பாராட்டில் ஒரு நொடி எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. பாய் பக்கம் திரும்பாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நேரே ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஜப்பானுக்கு நான் போகவில்லை. சிங்கப்பூரில் ஒரு கொட்டகையில் ஒன்றரை மாதம் காத்திருந்தோம். கப்பல் இன்று வரும், நாளை வரும் என்றார்கள். கடைசியில் வராது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டி போலீஸ் கையில் போய்த் திரும்பியதால் பரஸ்தானம் கெட்டுவிட்டது என்று அம்மா முடிவு கட்டினாள். நான் மறுக்கவில்லை.

பாய் கடைக்கு முன்னால் போகாமல் நாலு நாள் சுற்றுவழியில் நடந்தேன். ஐந்தாம் நாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வீக்கம் வடிந்திருந்தது, இடது கை மட்டும் சரியாக மடங்கவில்லை. அவர் வந்த வேகத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அன்னிக்கு நீங்க வந்து பேசுனீங்க பாருங்க. என்ன பேசுனீங்கன்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அந்த ஆளு சிரிச்சான். அதுக்கப்புறம் என் மேல கை வைக்கல. ரெண்டாம் நாளு போடான்னு விட்டுட்டான். எனக்காகத் துணிஞ்சு வந்தீங்களே, அல்லா உங்களுக்கு நெறஞ்ச ஆயுசு குடுக்கணும்" என்றார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்ற பயம் அவர் சாகும் வரை எனக்கு இருந்தது. கோட்டைப் பற்றி நான் சொன்ன பொய்தான் பாயைக் காப்பாற்றியது என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. நான் அன்று காப்பாற்றியது கடிதத்தை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய்" என்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னும் உருகினார்.

சண்டை முடிந்து அரிசி வந்ததும், ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டிலிருந்து எங்களுக்குப் பிரியாணி வரும். கொண்டுவருகிறவர்களிடம், "பாயைக் காப்பாத்துன தம்பிக்கு மொதல்ல" என்று சொல்லி அனுப்புவார். அம்மாவும் பெருமையோடு எனக்குத்தான் முதலில் பரிமாறுவாள். பதினோரு பெருநாள், அவர் இருந்தவரைக்கும். ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டேன்.